எந்தக் கையில் சாப்பிடுவார் என்று முதலில் கேளுங்கள்

சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓட்டியவர் அவர். வயது 72. பக்கவாதத்தில் இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்துவிட்டு, நான் வேலை பார்க்கும் மறுவாழ்வு இல்லத்துக்கு ஆம்புலன்ஸில் வந்து இறங்கினார். வலது புறங்கையில் பச்சை நிற வென்ஃப்ளான், மருந்து ஏற்ற நரம்புக்குள் செருகிவைக்கும் சின்ன பிளாஸ்டிக் குழாய். அதைச் சுற்றி மணிக்கட்டு மடங்காதபடி அட்டை வைத்துக் கட்டியிருந்தார்கள். சாயங்காலம் தட்டில் தயிர்சாதம் வைத்துவிட்டு, ஊட்டிவிடலாம் என்று ஸ்பூனை எடுத்தேன். அவர் வாயைத் திறக்கவில்லை.

"ஏங்கண்ணு, ஒரு கை போயிருச்சு. மிச்சம் இருக்கற கையையும் இப்படிக் கட்டிப் போட்டீங்கன்னா நான் எதுல சோறு திங்கறது?"

எனக்குப் பதில் வரவில்லை. எட்டு வருஷம் பெரிய ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்திருக்கிறேன். எத்தனையோ பேருக்கு நள்ளிரவில் நரம்பு தேடி ஊசி போட்டிருக்கிறேன். 'எந்தக் கையில் சாப்பிடுவீங்க?' என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. அங்கே அதற்கு அவசியம் இருந்ததில்லை. உயிர் போகிற நேரத்தில் எந்த நரம்பு கிடைக்கிறதோ அதுதான் நல்ல நரம்பு. கோவையில் இந்த இல்லத்துக்கு வந்து பதினோரு வருஷமாகிறது. இங்கே வருகிறவர்கள் மாதக்கணக்கில், சிலர் வருஷக்கணக்கில் இருப்பவர்கள். காலையில் பிசியோதெரபி, பிறகு பிடிகம்பிகளுக்கு நடுவே நடைப் பயிற்சி, மதியம் தானாகச் சாப்பிடும் பழக்கம், சாயங்காலம் சக்கர நாற்காலியில் வாசல் வரை. இதற்காகத்தான் குடும்பம் பணம் கட்டி இங்கே விட்டிருக்கிறது. டிரிப்ஸ் ஸ்டாண்ட் இந்த நாளைக் கெடுத்துவிட்டால், மருந்து ஏறியும் மனிதர் தேற மாட்டார். இதைப் புரிந்துகொள்ள எனக்கு அந்த ஒரு கேள்வி தேவைப்பட்டது.

(புத்தகத்தில் சிரை என்று இருக்கும். நாங்கள் எல்லோரும் நரம்பு என்றுதான் சொல்கிறோம். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.)

அவருடைய மகன் கேட்டதும் நியாயமான கேள்விதான். "அந்த இடது கை சும்மாதானேங்க கிடக்குது, அதுல போட்டுடலாமே?" அநேகமாக எல்லாக் குடும்பமும் இதைக் கேட்கும். விழுந்த கையில் அசைவு இல்லாததால் ரத்தம் மேலே திரும்புவது மெதுவாகிறது. கை ஏற்கெனவே லேசாக வீங்கித்தான் இருக்கும். அதைவிட முக்கியம், உணர்ச்சி குறைந்த கையில் மருந்து நரம்பைவிட்டு வெளியே கசிந்தால் அவருக்கு வலி தெரியாது. நாம் பார்ப்பதற்குள் தோல் புண்ணாகிவிடும். ஆகவே நல்ல கையில்தான் போட வேண்டும். நல்ல கையில் எந்த இடம் என்பதில்தான் நம் வேலை இருக்கிறது.

புறங்கை வேண்டாம், மணிக்கட்டு வேண்டாம், முழங்கை மடிப்பு வேண்டவே வேண்டாம். மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவே, முன்கையில் நேராக ஓடும் ஒரு நரம்பு. அங்கே போட்டால் விரல் மடங்கும், மணிக்கட்டு திரும்பும், சோறு பிசையலாம், நடைக்கம்பியைப் பிடிக்கலாம். பச்சையை எடுத்துவிட்டு, மணிக்கட்டுக்கு நான்கு விரல் மேலே நீல நிற 22 கேஜ் போட்டேன் (கேஜ் என்பது குழாயின் பருமன் எண், எண் கூடினால் குழாய் மெலியும்). வயதானவருக்கு ஆன்டிபயாட்டிக் ஏற்ற நீலம் தாராளம். பச்சை என்பது 18 கேஜ், அவசரத்தில் வேகமாக ஏற்றுவதற்கானது. குழாய் பெரிதாக இருந்தால் நரம்பின் உள்சுவரை உரசிக்கொண்டே இருக்கும், சீக்கிரம் வீங்கும்.

இந்த முன்கை விதிக்கு ஒரு விலக்கு உண்டு. சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருப்பவருக்கு நாளைக்கு டயாலிசிஸ் தேவைப்படலாம். அதற்கான ஃபிஸ்டுலா, அதாவது தமனியையும் நரம்பையும் இணைத்துச் செய்யும் வழி, அமைக்க முன்கை நரம்புகள் வேண்டும். அவர்களுக்குப் புறங்கையில்தான் போடுகிறோம். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுத்தான் கையைத் தொடுவது என்று எங்கள் இல்லத்தில் வைத்திருக்கிறோம்.

அவருக்குச் சிறுநீர்த் தொற்று. செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாட்டிக் ஒரு கிராம், ஐந்து நாள். தினம் ஒரே வேளைதான் என்பது எங்களைப் போன்ற இடத்துக்குப் பெரிய வசதி. டாக்டரிடம் கேட்டு மதியம் 2 மணி என்று வைத்தோம். சாப்பிட்டுப் படுக்கும் நேரம், அரை மணியில் முடிந்துவிடும். சலைன் தள்ளி மூடி போட்டு, குழாயைக் கழற்றிவிட்டால் மற்ற இருபத்துமூன்றரை மணி நேரமும் அவர் கை அவருடையது. காலை 10 மணி பிசியோதெரபி ஒருநாள்கூடத் தவறவில்லை. இந்த மருந்தை ரிங்கர் லாக்டேட் (ஆர்.எல்.) என்ற டிரிப்ஸ் திரவத்தோடு சேர்க்கக் கூடாது. அதில் கால்சியம் இருக்கிறது, இரண்டும் சேர்ந்தால் துகள் படியும். முந்தின பாட்டில் ஆர்.எல். ஆக இருந்தால், குழாயைச் சலைனால் நன்றாகக் கழுவிவிட்டுத்தான் இதை ஏற்ற வேண்டும்.

மறுநாள் இரவு அதே தயிர்சாதத்தை அவரே பிசைந்து சாப்பிட்டார். தரையில் கொஞ்சம் சிந்தியது. பக்கத்தில் நின்ற ஆயாம்மாவைத் துடைக்க விடாமல், சாப்பிட்டு முடிக்கும்வரை நிறுத்தி வைத்தேன்.

வயதானவர்களுக்கு நரம்பு கிடைக்கவில்லை என்று சொல்வோம். கிடைக்காமல் இல்லை, நம் அவசரத்தில் உடைகிறது. எண்பது வயதுத் தோல் வெங்காயத் தோல் மாதிரி. அதன்மேல் டூர்னிக்கெட்டை, அதாவது நரம்பு எழக் கையில் கட்டும் பட்டியை, இறுக்கினால் கன்றிப்போகும். உள்ளே அழுத்தம் ஏறி நிற்கும் நரம்பில் ஊசி பட்டதும் வெடித்துவிடும். நான் சட்டைக் கைக்கு மேலாகத் தளர்வாகக் கட்டுகிறேன். நன்றாகத் தெரியும் நரம்பாக இருந்தால் கட்டுவதே இல்லை. கையைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டு, வெதுவெதுப்பான ஈரத்துண்டைப் பத்து நிமிஷம் சுற்றி வைப்பேன். அந்தப் பத்து நிமிஷத்தில் பேச்சுக் கொடுத்தால் பயமும் இறங்கும். தட்டி அடித்து நரம்பை எழுப்புகிற பழக்கம் இவர்களிடம் கூடாது. இடது கட்டைவிரலால் தோலைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடித்தால் நரம்பு நழுவாது. ஊசியை ஏறக்குறையப் படுக்கவைத்து நுழைக்க வேண்டும். ரத்தம் தெரிந்ததும் இன்னும் தாழ்த்தி, ஒரு நூல் அளவு உள்ளே விட்டு, பிறகு பிளாஸ்டிக் குழாயை மட்டும் தள்ள வேண்டும். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி தடவிய இடம் தானாகக் காய வேண்டும். ஊதக் கூடாது, காய்ந்தபின் விரலால் மறுபடி தொட்டுப் பார்க்கவும் கூடாது. இரண்டு முறை தவறினால் நான் ஒதுங்கிக்கொண்டு அடுத்த சிஸ்டரைக் கூப்பிடுவேன். மூன்றாவது குத்து நம் பிடிவாதத்துக்காகத்தான் இருக்கும்.

இதைவிட அடிக்கடி நான் செய்யும் வேலை, டிரிப்ஸ் வேண்டாம் என்று எடுத்துச் சொல்வது. ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிற மகளோ மருமகனோ, "அம்மா சோர்வா இருக்காங்க சிஸ்டர், ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க, தெம்பு வரும்" என்பார்கள். அவர்களுடைய பாசத்தைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. உட்காரவைத்துக் கணக்கைச் சொல்வேன். 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 500 மி.லி. பாட்டிலில் இருப்பது 25 கிராம் குளுக்கோஸ், சுமார் 85 கலோரி. ஏறக்குறைய இரண்டு இட்லி. வாய்வழியாக விழுங்க முடிகிற அம்மாவுக்கு இரண்டு இட்லியை நரம்பு வழியாகக் கொடுத்து என்ன பயன்? சர்க்கரை நோயாளியாக இருந்தால் சர்க்கரைதான் ஏறும். நார்மல் சலைன் 500 மி.லி.யில் 4.5 கிராம் உப்பு இருக்கிறது. ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குக் கீழ் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதயம் பலவீனமானவருக்கு அந்தப் பாட்டில் என்ன செய்யும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நான் இதற்கு முன் சில மாதங்கள் வேலை பார்த்த வேறொரு இல்லம் அது. இரவு நான் ஒருத்தி, கூட ஒரு ஆயாம்மா. 81 வயதுப் பெரியவர், ஏற்கெனவே ஒருமுறை மாரடைப்பு வந்தவர். இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. 500 மி.லி. சலைன் பத்து மணி நேரத்தில் ஏற வேண்டும் என்று எழுதியிருந்தது. மில்லிக்கு 20 சொட்டு விழும் செட்டில் அது நிமிஷத்துக்கு 17 சொட்டு. வென்ஃப்ளான் முழங்கை மடிப்பில் இருந்தது. அவர் கையை மடித்துப் படுத்திருந்தார். நான் அப்படியே எண்ணி, சொட்டு குறைவாக விழுவதைப் பார்த்து, சொட்டைக் கூட்டிக் குறைக்கும், குழாயில் இருக்கும் உருளையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து 17-க்குக் கொண்டுவந்தேன். இரவு 2 மணிக்கு ஆயாம்மா துணி மாற்ற அவரைத் திருப்பியிருக்கிறார். மடிந்திருந்த கை நீண்டது. அடைப்பு விலகியதும் திறந்திருந்த உருளை வழியாகத் தண்ணீர் ஓட ஆரம்பித்துவிட்டது.

மூன்றரை மணிக்கு இருமல் சத்தம் கேட்டது. சளி இருமல் போல இல்லை. சின்னதாக, விடாமல், படுக்க முடியாமல் இருமுவது. போய்ப் பார்த்தால் பாட்டில் காலி. தலையணையைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காரப் பார்க்கிறார். ஆக்சிஜன் அளவு 86. உட்காரவைத்து ஆக்சிஜன் கொடுத்து, டாக்டரைப் போனில் பிடித்து, அவர் சொன்ன அளவில் உடம்பில் தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும் ஃப்ரூசமைடு போட்டு, 108-ஐ அழைத்தேன். ஆறு நாளில் திரும்பி வந்தார். வந்தவர் என் கையைப் பிடித்து, "ராத்திரி முழுக்க நீ தூங்கலையாம்மா" என்று கேட்டார். தப்பு என்னுடையது என்று அவரிடமும் அவர் மகளிடமும் சொன்னேன். மடங்கிய கையில் சொட்டு எண்ணியது நான்.

அன்றிலிருந்து கையை நீட்டிவைத்துத்தான் எண்ணுகிறேன், கடிகாரத்தைப் பார்த்து முழுசாக ஒரு நிமிஷம். கால் மணி கழித்து மறுபடி. நோயாளியைத் திருப்பினால், உட்காரவைத்தால், கட்டிலை உயர்த்தினால் மறுபடி. இதை ஆயாம்மாக்களுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அவர்கள் உருளையைத் தொட வேண்டாம், "திருப்பியாச்சு சிஸ்டர்" என்று குரல் கொடுத்தால் போதும். பாட்டிலின் பக்கவாட்டில் பிளாஸ்திரி ஒட்டி, எத்தனை மணிக்கு எந்தக் கோடு வரை இறங்கியிருக்க வேண்டும் என்று எழுதிவைக்கிறேன். தூரத்திலிருந்து பார்த்தாலே தெரியும். அளவு பார்த்துத் தானாக ஏற்றும் இன்ஃப்யூஷன் பம்ப் வாங்க முடியாத இல்லங்கள், நடுவே அளவுக் கோடு போட்ட சின்ன அறை உள்ள பியூரெட் செட்டாவது வைத்திருக்க வேண்டும். 100 மி.லி. அறைக்குள் ஒரு மணி நேரத்துக்கு வேண்டியதை மட்டும் இறக்கி மேலே மூடிவிட்டால், உருளை முழுசாகத் திறந்துகொண்டாலும் அந்த அளவுக்குமேல் உடம்புக்குள் போகாது. இதய நோயாளிக்குப் பகலில் ஏற்றக்கூடிய எதையும் இரவுக்குத் தள்ளுவதில்லை.

போன வருஷம் மே மாதம் ஒரு பாட்டி. ஞாபக மறதி நோய், பேச்சு அநேகமாக நின்றுவிட்டது. வெயிலில் தண்ணீர் குடிக்க மறுத்து நாக்கு வறண்டு, சிறுநீர் தேன் நிறத்தில் வந்தது. நரம்பில் போட்ட மூன்று வென்ஃப்ளானையும் பிடுங்கிவிட்டார். கையைக் கட்டிலில் கட்டலாம் என்று ஒருவர் சொன்னபோது எனக்கு நெஞ்சு பதைத்தது. ஏன் என்று புரியாத ஒருவரைக் கட்டிப்போடுவதைவிடக் கொடுமை வேறென்ன? டாக்டரிடம் பேசித் தோலுக்கடியில் சலைன் ஏற்ற முடிவு செய்தோம். மேல் முதுகில், தோள்பட்டை எலும்புக்குப் பக்கத்தில், சதையைக் கிள்ளிப் பிடித்து சின்னப் பட்டாம்பூச்சி ஊசி. கைக்கும் எட்டாது, கண்ணுக்கும் தெரியாது. 500 மி.லி., எட்டு மணி நேரம், நிமிஷத்துக்கு 21 சொட்டு. ஊசி போட்ட இடம் பஞ்சு மாதிரி மெதுவாக உப்பும், சில மணி நேரத்தில் உடம்பு அதை இழுத்துக்கொள்ளும். ஒரே இடத்தில் ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் வரை தாங்கும். மிதமான வறட்சிக்குத்தான் இது, ரத்த ஓட்டம் குறைந்து பி.பி. விழுந்த அதிர்ச்சி நிலையில் (ஷாக்) இருப்பவருக்கு உதவாது. பெரும்பாலான ஆன்டிபயாட்டிக்குகளை இதில் கொடுப்பதும் இல்லை. ஆனால் நரம்பே இல்லாத, பிடுங்கிக்கொள்கிற முதியவருக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது நம்மூர் இல்லங்கள் பலவற்றுக்கு இன்னும் தெரியவில்லை. மூன்றாம் நாள் பாட்டி டம்ளரைத் தானே வாங்கி நீர்மோர் குடித்தார்.

மறுவாழ்வு இல்லத்துக்கு இப்போது பிக் லைனோடும் ஆட்கள் வருகிறார்கள். சர்க்கரைப் புண் எலும்பு வரை போனால் ஆறு வாரம் ஊசி மருந்து என்பதால், மேல்கையில் நுழைத்து இதயத்துக்கு அருகே வரை போகும் நீளக் குழாய் வைத்து அனுப்புவார்கள். அப்படி வந்த 54 வயதுக்காரர் ஒருவருக்குக் கால் ஊன்றக் கூடாது என்பதால் அக்குளில் வைக்கும் ஊன்றுகோல் கொடுத்திருந்தோம். நான்காம் நாள் மேல்கைச் சுற்றளவை அளந்தால் முதல்நாளைவிட இரண்டரை சென்டிமீட்டர் கூடுதல். ஸ்கேனில் ரத்தக்கட்டி. அக்குளில் ஊன்றுகோல் அழுத்த அழுத்த, குழாய் இருக்கும் நரம்பு நசுங்குகிறது. நர்சுக்கும் பிசியோதெரபிஸ்ட்டுக்கும் இடையே ஒரு வார்த்தை பரிமாறியிருந்தால் வாக்கர் கொடுத்திருக்கலாம். இப்போது பிக் லைன் வந்தால் முதல் செய்தி பிசியோதெரபி அறைக்குத்தான் போகிறது. வந்த அன்றே மேல்கைச் சுற்றளவும், வெளியே தெரியும் குழாயின் நீளமும் எழுதிவைக்கிறோம். அந்தக் கையில் பி.பி. பார்ப்பதில்லை. சலைன் தள்ள 10 மி.லி. சிரிஞ்சுக்குக் குறைந்து எடுக்கக் கூடாது. சின்ன சிரிஞ்சில் அழுத்தம் அதிகம், அடைத்த குழாயைக் கிழித்துவிடும். மூடியைத் திறக்கும் முன் ஸ்பிரிட் பஞ்சால் பதினைந்து விநாடி நன்றாகத் தேய்க்க வேண்டும். அந்தப் பதினைந்து விநாடியைத் திருடினால் கிருமி நேராக ரத்தத்துக்குள் போகும்.

இந்த ஆறு வார ஊசியைப் பற்றி டாக்டர்களிடம் கேட்கத் தயங்காதீர்கள். பிரிட்டனில் 26 ஆஸ்பத்திரிகளில் 1,054 பேரை வைத்து நடந்த ஓவிவா ஆய்வு 2019-இல் வெளிவந்தது. எலும்பு, மூட்டுத் தொற்றுக்கு முதல் சில நாட்களுக்குப்பின் தகுந்த மாத்திரைக்கு மாறியவர்களும் ஊசியில் தொடர்ந்தவர்களைப் போலவே குணமாகியிருந்தார்கள். எல்லாக் கிருமிக்கும் பொருந்தும் மாத்திரை இருக்காது. ஆனாலும் "மாத்திரைக்கு மாறலாமா சார்?" என்று கேட்டதில் எங்கள் இல்லத்தில் நான்கைந்து பேருக்கு லைன் முன்கூட்டியே எடுக்கப்பட்டது.

வென்ஃப்ளானை மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும் என்றுதான் நான் படித்தேன். 2012-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 3,283 பேரிடம் நடந்த ஆய்வில், நாள் கணக்கில் மாற்றியவர்களுக்கும் தேவைப்பட்டபோது மட்டும் மாற்றியவர்களுக்கும் நரம்பு வீக்கம் ஒரே அளவில், 7 சதவீதம்தான் வந்தது. ஆகவே நல்ல லைனை நாள் பார்த்துப் பிடுங்குவதில்லை. அதற்கு விலையாக ஒவ்வொரு ஷிஃப்டும் கட்டைத் திறந்து பார்த்தாக வேண்டும். வலி, சிவப்பு, வீக்கம், இதில் இரண்டு சேர்ந்தால் அந்த நிமிஷமே எடுத்துவிட வேண்டும். வலியைச் சொல்லத் தெரியாதவர்களிடம் முகத்தைப் பார்த்துக்கொண்டே தொட்டுப் பாருங்கள். 'இருக்கட்டும், தேவைப்படலாம்' என்று சும்மா விட்டுவைக்கும் லைன்தான் எல்லாவற்றிலும் கெட்டது. ஒருநாள் முழுக்க மருந்து ஏறவில்லை என்றால் எடுத்துவிடுகிறோம்.

எந்த ஆன்டிபயாட்டிக்கின் முதல் டோஸும் எங்கள் இல்லத்தில் போடுவதில்லை. இரவில் டாக்டர் இல்லாத இடத்தில் மருந்து ஒவ்வாமல் மூச்சடைத்தால் யாரை எழுப்புவது? ஆஸ்பத்திரியில் முதல் டோஸ் போட்டு, பார்த்துவிட்டு அனுப்பச் சொல்கிறோம். அப்படியும் அந்த ஒவ்வாமைக்கான அட்ரினலின் ஆம்பூல், சிரிஞ்ச், தொடையில் தசைக்குள் அரை மில்லி என்று எழுதிய சீட்டு மூன்றும் ஒரே டப்பாவில், டிராலியின் மேல்தட்டில் இருக்கும். பொட்டாசியம் குளோரைடு ஆம்பூல் மட்டும் பூட்டிய அலமாரியில். பார்ப்பதற்குச் சாதாரணத் தண்ணீர் ஆம்பூல் போல இருக்கும் அதை நேராக நரம்பில் தள்ளினால் இதயம் நின்றுவிடும்.

லைனை எடுக்கும் நேரத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை. மெல்லிய தோல் கிழிவது அப்போதுதான். பிளாஸ்திரியை மேல்நோக்கிப் பிய்க்காமல், சலைனில் நனைத்த பஞ்சால் ஊறவைத்து, தோலை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு தாழ்வாக மடித்து உரிக்க வேண்டும். அந்தத் தறிக்காரருக்கு ஐந்தாம் நாள் மதியம் எடுத்தேன். பக்கவாதத்துக்காக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர், ஒரு நிமிஷ அழுத்தம் போதாது. வெளியே வந்த குழாயின் நுனி முழுசாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கையை மடக்காமல் நீட்டிவைத்து ஐந்து நிமிஷம் அழுத்திப் பிடித்திருந்தேன். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "விடலாம் கண்ணு, அஞ்சாச்சு" என்றார். பஞ்சை எடுத்துப் பார்த்தேன். ரத்தம் நின்றிருந்தது.